போன வருட மாடல்கள் எங்கே?

அக்கா மகள் கட்டடக் கலை படிக்கிறாள், மூன்றாம் ஆண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டாள்.

"சித்தி, உங்க காடிய எடுத்துக்கிட்டு வர முடியுமா? மாடல் ரொம்பப் பெருசாப் போச்சு. கிராப்ல ஏத்த மாட்டேங்கிறாங்க."

எனக்கு வானொலியில் மாலை நிகழ்ச்சி. காலையில் ஓய்வுதான் என்பதால் உடனே கிளம்பினேன். அவள் தங்கியிருக்கும் வாடகை வீட்டு வாசலில் அவளைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். மூன்று இரவு சரியாகத் தூங்காத கண்கள். வெட்டுக்கத்தி பட்டதால் இரண்டு விரல்களில் பிளாஸ்டர். கையில் சாப்பாட்டு மேசை அகலத்துக்கு, வெள்ளை வெளேரென்று ஒரு சமூக மண்டபத்தின் மாதிரி. ஃபோம் போர்டு, அக்ரிலிக் தகடு, பசை எல்லாம் சேர்த்து 430 வெள்ளி ஆனதாம். கல்விக் கடனில் படிக்கிற பிள்ளை. மாதச் செலவில் பாதி அந்த மேசைக்குள் போயிருந்தது.

கட்டடக் கலை மாணவர்களுக்கு விரிவுரை மண்டபத்தைவிட ஸ்டூடியோதான் முக்கியம். இந்தத் தளத்தில் ஒரு பள்ளி, அந்தத் தளத்தில் ஒரு மண்டபம் என்று ஒரு திட்டத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மாணவர்கள் வாரக்கணக்கில் வரைய வேண்டும், விரிவுரையாளரிடம் காட்ட வேண்டும், திருத்த வேண்டும், மறுபடி வரைய வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் சுவரில் ஒட்டி, நடுவர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். இந்த அமர்வை மாணவர்கள் 'கிரிட்' என்பார்கள். எஸ்.பி.எம். தேர்வைவிட அதிகம் பயப்படுவது இதற்குத்தானாம்.

நானும் தினமும் ஒரு ஸ்டூடியோவில்தான் வேலை செய்கிறேன். வெளிச்சத்தம் வராதபடி கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, ஏர்கோன் ஓடும் அறை. எங்களுக்கு வேறு வழியில்லை. பக்கத்துச் சாலையின் ஹார்ன் சத்தம் ஒலிவாங்கியில் விழக் கூடாது. ஆனால் காற்றையும் வெயிலையும் மழையையும் பற்றிப் பாடம் நடத்த வேண்டிய ஸ்டூடியோவும் அப்படியே இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே எல்லா ஜன்னல்களும் மூடியிருந்தன. திரைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. பட்டப்பகலில் விளக்குகள் எரிந்தன. பூமத்திய ரேகையிலிருந்து மூன்று டிகிரி தள்ளி இருக்கிற ஊரில், இருபது பிள்ளைகள் குளிர்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா மகளின் முறை வந்தது. படங்கள் அழகாகத்தான் இருந்தன. நீண்ட கூரை, அதன் கீழே உயரமான கண்ணாடிச் சுவர். சுவரில் ஒட்டிய கடைசித் தாளில் பச்சை எழுத்தில் 'நிலைத்தன்மை' என்று தலைப்பு. அதற்குக் கீழே மழைநீர்த் தொட்டி, சூரியத் தகடு, இரண்டு மரங்கள்.

நடுவர்களில் வயதான ஒருவர் கோபமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கண்ணாடி மேற்கைப் பார்க்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இதன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

ஏர்கோன் இருக்கிறது என்றாள் இவள்.

தளத்துக்கு எத்தனை முறை போனாய், எந்த நேரத்தில் போனாய் என்று அடுத்த கேள்வி.

"ஒரே முறை. காலையில."

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. ஐந்து வாரத்தில் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும் என்று முடிவு வந்தது.

மாடலை வைக்க ஸ்டூடியோவில் இடமில்லை என்றார்கள். வீட்டுக்கு எடுத்துப் போகவும் அவளுக்கு மனமில்லை. பின்புறக் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு மாடல்கள் குவிந்து கிடந்தன. துப்புரவு வேலை செய்யும் ஒரு தமிழ் அம்மா துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு அதைப் பார்த்தார்.

"இவ்வளவு அழகா செஞ்சிட்டு இங்க கொண்டாந்து போடுறீங்களேம்மா. ஒவ்வொரு செமஸ்டரும் இப்படித்தான். லோரி வந்து அள்ளிக்கிட்டுப் போவும்."

காடியில் ஏறியதும் அழுதாள். "நான் இத விட்டுட்டு வேற ஏதாச்சும் படிக்கிறேன் சித்தி. எனக்கு இது வரல."

அன்று அவளைச் சமாதானப்படுத்தினேனே தவிர, என் மனம் சமாதானமாகவில்லை. அந்தக் கேள்விக்கு அவளுக்கு விடை தெரியாததை அவள் தவறாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று ஆண்டுகளாக அந்த ஸ்டூடியோ என்ன சொல்லிக்கொடுத்ததோ அதைத்தான் அவள் செய்திருக்கிறாள். மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வடிவத்துக்கு 30 புள்ளி. நிலைத்தன்மைக்கு 10. பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல. 10 புள்ளிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்: கடைசி இரவு, கடைசித் தாள்.

ஊடகத் துறையில் நான் பட்டப்படிப்பு படித்தபோது முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. எது முக்கியமோ அதை முதலில் சொல். தலைப்புச் செய்தியை வானிலை அறிக்கைக்குப் பிறகு வாசிக்கக் கூடாது. கட்டடக் கலையில் என்ன விசேஷம் என்றால், அங்கே வானிலைதான் தலைப்புச் செய்தி. அதைக் கடைசியில் வாசித்தால் நிகழ்ச்சியே கெட்டுப் போகும்.

இது ஒரு கல்லூரியின் குறை என்று ஒதுக்கிவிடக் கூடிய விஷயமும் அல்ல. உலகில் எரிசக்தியோடு தொடர்புடைய கரியமில வாயு வெளியேற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கட்டடங்களாலும் கட்டுமானத்தாலும் வருகிறது. சிமெண்டுத் தயாரிப்பு மட்டுமே மொத்த வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு. இன்று மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளை வரையப்போகும் வீடுகளில்தான் நம் பேரப்பிள்ளைகள் மின்கட்டணம் கட்டப் போகிறார்கள். மேற்கே பார்த்த கண்ணாடிச் சுவரை ஒருமுறை கட்டிவிட்டால் ஐம்பது ஆண்டுகளுக்கு அதன் பின்னால் ஏர்கோன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு வேலையாகச் சிங்கப்பூர் போனபோது, கெண்ட் ரிட்ஜில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக வளாகத்துக்குச் சென்று ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். எஸ்டிஇ4 என்று பெயர். கட்டடக் கலை உள்ளிட்ட வடிவமைப்புத் துறை மாணவர்களுக்காக 2019 ஜனவரியில் திறக்கப்பட்ட ஆறு மாடிக் கட்டடம். பரப்பளவு ஏறக்குறைய 8,500 சதுர மீட்டர். கூரையில் 1,200க்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள். ஓர் ஆண்டில் தனக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது.

எனக்குச் சூரியத் தகடுகளைவிட மின்விசிறிகள்தான் பிடித்தன. நம் பாட்டி வீட்டில் சுற்றுவது போன்ற சாதாரணக் கூரை விசிறிகள். அறைக்குள் வெளிக்காற்றை ஓரளவுக்கு மட்டும் குளிர்வித்து அனுப்புகிறார்கள். வழக்கமான ஏர்கோன் அறையைவிட வெப்பமும் ஈரப்பதமும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். மிச்ச வேலையை விசிறி பார்த்துக்கொள்கிறது. உடம்பில் காற்று பட்டால் இரண்டு மூன்று டிகிரி வெப்பம் கூடினாலும் நமக்குத் தெரிவதில்லை. இது தாமான் வீட்டில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த அறிவியல்தான். நடைவழிகள், படிக்கட்டுகள், திறந்த தளங்கள் என்று பாதிக்கும் மேற்பட்ட இடத்தில் இயற்கைக் காற்றுதான். வெளியே நீண்டு நிற்கும் பெரிய கூரை வெயிலையும் மழையையும் தடுக்கிறது. அங்கே யாரும் குளிர்சட்டை போட்டிருக்கவில்லை.

அந்த மாணவர்களுக்குக் கூரை எதற்கு நீளமாக வேண்டும் என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மழை பெய்யும்போது தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும். தாங்கள் உட்கார்ந்திருக்கும் இடமே அவர்களுக்குப் பாடப்புத்தகம்.

உடனே ஒரு கேள்வி வரும். அவ்வளவு பணம் எல்லாக் கல்லூரியிடமும் உண்டா? இல்லைதான். ஆனால் அதே பல்கலைக்கழகம் அதற்குப் பிறகு பக்கத்திலிருந்த பழைய கட்டடங்களை இடிக்காமல் புதுப்பித்து எடுத்துக்கொண்டது. அதுவும் ஒரு பாடம்தான். நம் பக்கத்தில் மலேசியத் தர நிர்ணயமான எம்எஸ் 1525, அலுவலகம் போன்ற கட்டடங்களின் உள்வெப்பம் 24 முதல் 26 டிகிரி வரை இருந்தால் போதும் என்கிறது. அந்த எண்ணை மாணவர்களுக்குத் தேர்வில் கேட்கும் ஸ்டூடியோ, தன் ஏர்கோனை அந்த எண்ணில் வைப்பதற்குக் கோடிகள் தேவையில்லை. விரல் போதும்.

திரும்பி வந்ததும் அக்கா மகளைப் பார்த்தேன். ஐந்து வாரத்தில் ஒரு வாரம் படுக்கையிலேயே போயிருந்தது. "கிளாங்குக்கு வா, பாட்டி வீட்ல ரெண்டு நாள் இரு" என்று அழைத்துக்கொண்டு போனேன். ஓய்வுக்காகத்தான் கூப்பிட்டேன். அவள் வரும்போது 35 வெள்ளிக்கு ஒரு வெப்பமானியும், அளவு நாடாவும் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த நடுவரின் கேள்வி அவளை விடவில்லை.

அம்மா வீடு ஒரு மாடி இணைப்பு வீடு. வரிசையில் நடுவில் இருக்கிறது, வாசல் மேற்கே பார்க்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்கூடத்தில் 34 டிகிரி காட்டியது. பின்சந்தில், நிழலில் 31. அந்த நேரத்தில் அம்மா எங்கே இருப்பார் என்று எங்களுக்குத் தேட வேண்டியதே இல்லை. பின்சந்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியோடு பேசிக்கொண்டிருப்பார்.

"ஏன் பாட்டி தினமும் இங்கயே உக்கார்றீங்க?" என்று இவள் கேட்டாள்.

"காத்து இங்கதானே வருது. முன்னாடி வீட்டுக்குள்ளயும் வந்துச்சு. உங்க தாத்தா குசினிய இழுத்துக் கட்டுனாரு பாரு, அதோட நின்னு போச்சு."

அன்று ராத்திரி பாட்டியும் பேத்தியும் சேர்ந்து வீட்டை அளந்தார்கள். அப்பா சமையலறையை நீட்டிக் கட்டியதில் நடு அறையின் ஜன்னல் இப்போது வெளியைப் பார்க்காமல் சமையலறையைப் பார்க்கிறது. முன் ஜன்னலுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரங்களை ஏர்கோன் மாட்டியபோது பலகை வைத்து அடைத்திருக்கிறோம். வெயிலுக்கு மாட்டியிருந்த மூங்கில் திரையைப் 'பழசாகத் தெரிகிறது' என்று கழற்றி எறிந்தது நான்தான். காற்று வரும் வழிகளை ஒவ்வொன்றாக நாங்களே அடைத்துவிட்டு, மாதாமாதம் கரண்டு பில்லைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தோம். நம் தாமான்களில் பாதி வீடுகளின் கதை இதுதான்.

அவள் வரைந்த அந்தப் படத்தில் பாட்டியின் நாற்காலியும் இருந்தது. காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று அம்புக்குறி போட்டு, வெப்ப அளவுகளை எழுதியிருந்தாள். 'மூணு வருசத்துல நான் வரைஞ்ச படத்துலயே இதுதான் உண்மையான படம் சித்தி' என்றாள்.

அளந்து வரைவது புது யோசனை அல்ல. ஜொகூரில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 1970களிலிருந்தே பழைய வீடுகளையும் பள்ளிவாசல்களையும் அரண்மனைகளையும் நேரில் போய் அளந்து வரைந்து வந்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் அங்கே 'காலாம்' என்ற மையத்தில் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. 1987இல் பினாங்கில் வெளிவந்த, லிம் ஜீ யுவான் எழுதிய 'தி மலாய் ஹவுஸ்' என்ற நூல் கம்போங் வீட்டை இப்படித்தான் பிரித்துப் பார்த்தது. தரையிலிருந்து தூக்கிய தளம், தரைமட்டம் வரை இறங்கும் ஜன்னல், அகலமான தாழ்வாரம், குடும்பம் பெருகும்போது ஒட்டிக்கொள்ளும் புது அறை. ஆணிக்குப் பதில் மூட்டுகளால் பொருத்திய மரச்சட்டங்களைக் கழற்றி, வேறு இடத்தில் கொண்டுபோய் மறுபடி பூட்டலாம். மறுபயன்பாடு என்று நாம் இன்று பெரிய பேராகச் சொல்வதை அந்தத் தச்சர்கள் வழக்கமாகவே செய்துவந்தார்கள்.

நம் லயங்களையும் ஒரு வகுப்பு போய் அளக்கட்டும் என்று எனக்கு ஆசை. பெருமைக்காக அல்ல. தகரக் கூரைக்கு அடியில் மதியம் எப்படி வெந்தோம், முன் திண்ணையில் எப்படிப் பிழைத்தோம், எந்த மரத்தடியில் ஊரே கூடியது என்பதை அம்மா வயதுக்காரர்கள் இன்னும் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறார்கள். ஒரு வடிவமைப்பு எங்கே தவறியது என்று தெரிந்துகொள்வதும் படிப்புதான்.

இதை எல்லாம் ஒரு கட்டடக் கலை விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி கேட்டார். "முதல் நாளே வெயில், மழை, கரியமிலம் என்று கணக்குப் போடச் சொன்னால் மாணவரின் கற்பனை செத்துவிடாதா? எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி ஆகிவிடாதா?"

எனக்குத் தெரிந்த பதில் நம் ஊரிலேயே நிற்கிறது. சுபாங் ஜெயாவில் கென் யாங் வடிவமைத்த மெனாரா மெசினியாகா 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. 15 மாடி உருளைக் கட்டடம். சுற்றிச் சுற்றி மேலே ஏறும் தோட்டங்கள், வெயில் படும் பக்கங்களில் உலோக மறைப்புகள், மின்தூக்கிக் கூடத்திலும் படிக்கட்டிலும் கழிவறையிலும் இயற்கைக் காற்றும் வெளிச்சமும். அதே 1992இல் பாங்கியில் ஜிம்மி லிம் வடிவமைத்த சாலிங்கர் இல்லம் முடிந்தது. செங்கால் மரத்தில், மலாய்த் தச்சுக்கலை முறையில், தூண்கள் மேல் நிற்கும் வீடு. இரண்டுமே ஆகா கான் விருது பெற்றவை. ஒன்று 1995இல், மற்றொன்று 1998இல். ஒரே மாநிலம், ஒரே வெயில், ஒரே மழை. ஆனால் ஒன்றைப் பார்த்தால் மற்றது நினைவுக்கே வராது. வெயிலை முதலில் வைத்ததால் கற்பனை சாகவில்லை. அதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்தது.

பிறகு அவரும் நானும் பேசிப் பேசி ஒரு பட்டியல் போட்டோம். எதற்கும் பெரிய பணம் வேண்டாம்.

முதல் வாரம் கணினியைத் திறக்கக் கூடாது. மாணவர்கள் தளத்துக்குக் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு வேளையும் போக வேண்டும். தரையில் ஒரு குச்சி நட்டு நிழலைக் குறிக்க வேண்டும். கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. குச்சி நட்டவர்களுக்கு இது மறக்காது. ஆண்டு நடுவில் சூரியன் வடக்கே சாயும், ஆண்டு இறுதியில் தெற்கே சாயும். அந்த வெயிலைத் தாழ்வாரம் தடுத்துவிடும். மாலை மேற்கு வெயில் தாழ்வாக வரும். அதற்கு மரமோ திரையோ நெடுக்கு மறைப்போதான் வேண்டும். இது தெரிந்த பிள்ளை மேற்கே கண்ணாடி வைக்கும் முன் இரண்டு முறை யோசிக்கும்.

இரண்டாவது, கட்டடத்தை எடை போட வேண்டும். எத்தனை டன் கான்கிரீட்டு, எத்தனை டன் எஃகு, எங்கிருந்து வருகிறது என்று ஒரு பக்கக் கணக்கு. முதல் மாதத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. எடை குறைந்ததா கூடியதா என்பதற்கும் மதிப்பெண்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு திட்டமாவது காலி மனையில் இல்லாமல், ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல கதை உண்டு. 2021இல் பிரிட்ஸ்கர் விருது பெற்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் லாக்கட்டோனும் வசாலும் 1996இல் போர்டோ நகரில் ஒரு சிறு சதுக்கத்தை அழகுபடுத்த அழைக்கப்பட்டார்கள். அங்கே நேரம் செலவிட்டு, குடியிருப்பவர்களோடு பேசிப் பார்த்தார்கள். இது ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். சரளைக்கல்லை மாற்றுங்கள், மரங்களைக் கவனியுங்கள், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். இவ்வளவுதான் அவர்கள் கொடுத்த திட்டம். நம் ஸ்டூடியோவில் ஒரு மாணவர் 'இங்கே புதிதாக எதுவும் கட்ட வேண்டாம்' என்று காரணத்தோடு சொன்னால் தேர்ச்சி கிடைக்குமா? கிடைக்கும் என்று சொல்லக்கூடிய ஸ்டூடியோவை நான் மதிப்பேன்.

நான்காவது, மாடலுக்கு எல்லை. முதலில் பழைய அட்டைப்பெட்டி, போன பருவத்து மிச்சம். வெட்டித் தீர்மானித்த பிறகே புதுத் தாள். மிச்சப் பொருள்களைப் போட்டுவைக்க ஓர் அலமாரி போதும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதில் முக்கால்வாசிச் செலவு குறையும்.

ஐந்தாவதுதான் என் மனதுக்கு நெருக்கமானது. தூக்கம். 'ராத்திரி பூரா ஸ்டூடியோவுல இருந்தோம்' என்பதைப் பதக்கம் மாதிரி பேசும் பழக்கம் இந்தத் துறையில் உண்டு. ஆளைத் தேய்த்துவிட்டு பூமியைக் காப்பாற்றக் கற்றுக்கொடுக்க முடியாது. கிரிட்டுக்கு முந்தின நாள் மாலையே எல்லாவற்றையும் சமர்ப்பித்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்ளட்டும். பிள்ளைகளும் தூங்கும். ராத்திரி முழுக்க எரிகிற விளக்கும் ஏர்கோனும் அணையும்.

அக்கா மகள் திருத்திக் கொடுத்த திட்டத்தில் புது மண்டபம் இல்லை. அதே தாமானில் பூட்டிக் கிடந்த பழைய பல்நோக்கு மண்டபத்தை எடுத்துக்கொண்டாள். தூண்களும் கூரைச் சட்டமும் அப்படியே நின்றன. மேற்குப் பக்கம் ஆழமான திண்ணையும் மூங்கில் மறைப்பும். அடைத்திருந்த துவாரங்களைத் திறந்தாள். பின்பக்கம், காற்று வரும் இடத்தில், நாற்காலி போட ஓர் இடம். மாடல் தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டையில் செய்தது. அடிப்பலகை, அந்தக் குப்பைத் தொட்டி ஓரத்திலிருந்து துப்புரவு அம்மா எடுத்து வைத்திருந்த யாரோ ஒருவரின் பழைய மாடலுடையது. மொத்தச் செலவு 18 வெள்ளி, பசைக்கு.

'பி' கிடைத்தது. 'ஏ' இல்லை. வடிவத்தில் துணிச்சல் போதவில்லை என்று ஒரு நடுவர் எழுதியிருந்தார். இருக்கலாம். படிப்பை விடுவதைப் பற்றி அவள் இப்போது பேசுவதில்லை. அந்த மாடல் பாட்டி வீட்டுத் தொலைக்காட்சி மேடையில் இருக்கிறது. வருகிறவர்களிடம் அம்மா, "எங்க தாமான் மண்டபம், என் பேத்தி சரி பண்ணுனது" என்கிறார். மண்டபம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. நாங்கள் முன் ஜன்னலுக்கு மேலிருந்த பலகைகளைக் கழற்றிவிட்டோம். மூங்கில் திரைக்கு ஆள் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் படம் வரைவதில் கெட்டிக்காரப் பிள்ளை இருக்கலாம். கட்டடக் கலை படிக்க ஆசைப்படலாம். கல்லூரிகளின் திறந்த நாளுக்கு நீங்களும் கூடவே போங்கள். கட்டணம், அங்கீகாரம், வேலை வாய்ப்பு எல்லாம் கேளுங்கள். பிறகு ஸ்டூடியோவைக் காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் திறக்கிறதா என்று ஒருமுறை தள்ளிப் பாருங்கள். கிளம்பும் முன், கதவோரம் நின்று, சாதாரணமாக இன்னும் ஒன்று கேளுங்கள்: "போன வருசத்துப் பிள்ளைங்க செஞ்ச மாடல் எல்லாம் இப்ப எங்க இருக்கு?"